முடக்கு வாதம் உடலில் உருவாகும் விதம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



மூட்டு வலி என்றவுடன் 'வாயு' என்றோ 'வயதாகிவிட்டது' என்றோ சொல்லி ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதுமையில் மூட்டுத் தேய்வது வேறு. முடக்கு வாதம் வேறு. பின்னது, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலைத் தாக்கும் விபரீதம். முப்பது, நாற்பது வயதினருக்கும் இது வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி.

வலி தொடங்கும் நாளன்று இந்நோய் தொடங்குவதில்லை என்பதே நாம் முதலில் அறிய வேண்டிய செய்தி. சிலரது பரம்பரைக் கூறிலேயே இதற்கு இடமிருக்கிறது. அத்துடன் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது. புகையால் புண்பட்ட நுரையீரலில் சில புரதங்கள் உருமாறுகின்றன. அவற்றை அந்நியப் பொருளென்று கருதி, உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. ஈறு நோய்க்கும் இதில் பங்குண்டு என ஆய்வாளர் கருதுகின்றனர். (பல் துலக்குவதற்கும் முழங்கைக்கும் என்ன உறவு என்று சிரிப்பவர் இருக்கலாம்!) ஒரு விரல்கூட வலிக்காத நிலையில், இவ்வெதிர்ப்பொருள்கள் பல்லாண்டுகள் இரத்தத்தில் உலவக்கூடும். 1940இல் நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் கண்டறிந்த 'ருமட்டாய்டு காரணி' இத்தகையதோர் எதிர்ப்பொருளே.

பின்னரே மூட்டு தாக்கப்படுகிறது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் வெள்ளணுக்கள் குவிகின்றன. அவை சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. சவ்வு தடித்து, வயலில் களை படர்வதுபோலக் குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதனை அரிக்கிறது; எலும்பைக் கரைக்கும் செல்களும் தூண்டப்படுகின்றன. தசைநாண்களும் தளர, விரல்கள் கோணுகின்றன. கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

இரு கைகளிலும் விரற்கணுக்களும் மணிக்கட்டும் ஒருசேர வீங்குவதும், சுபுஹு நேரத்தில் ஒளூச் செய்யக் குழாயைத் திருக இயலாதவாறு விரல்கள் விறைத்திருப்பதும் முக்கிய அடையாளங்கள். இவ்விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும்.

பலர் கடையில் வலி மாத்திரை வாங்கியே மாதங்களைக் கழிக்கின்றனர். அது வலியைத் தணிக்குமேயன்றி அரிப்பை நிறுத்தாது. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் கார்ட்டிசோன் ஊசி செலுத்தியபோது, முடங்கிக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயின் நீடித்துக் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது. எனவே ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

அரிப்பையே தடுக்கும் மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். வீக்கம் கண்ட சில மாதங்களுக்குள் தொடங்கினால் மூட்டைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. இதனை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றிருப்போரும், கருவுற எண்ணுவோரும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.