சரக்கோடு சேதியும் கொடுங்கள்
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜான் டீர் நிறுவனம், 1895ஆம் ஆண்டு 'உழவுசால்' என்று பொருள்படும் 'தி ஃபர்ரோ' ஏட்டைத் தொடங்கியது. பயனுள்ள சேதி சொன்னால் வாடிக்கையாளர் சேருவர் என்பது கணக்கு. அவ்வேடு இன்றும் வெளிவருகிறது.

நீங்கள் தீட்டாத அரிசியை நேரடியாக விற்கிறீர்களா? முதல் பையை விற்பது எளிது. இரண்டாம் பைக்கு அவர் திரும்பி வரவேண்டுமே! வெள்ளை அரிசிபோல் உலையிலிட்டு, 'வேகவில்லை' என்று ஒதுக்கிவிடுவார்.

ஆகவே, பையில் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். இரகம், அறுவடை மாதம், ஊறவைக்கும் நேரம், தண்ணீர் அளவு ஆகியவற்றை, உங்கள் வீட்டிலேயே சமைத்துப் பார்த்தபின் எழுதுங்கள். குறையையும் மறைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்குவாடை வீசும்; ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கச் சொல்லுங்கள். இன்று விற்பனை சற்றுக் குறையலாம்; நம்பிக்கை வளரும். மறுமாதமும் உங்களையே தேடி வருவார்.