வைக்கோல் பாலாகும், சோறு விஷமாகும்



சில வருஷங்களுக்கு முன், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் ஒரு விவசாயி என்னிடம் ஓடிவந்தார். "ஐயா, பசு எழுந்திருக்க மாட்டேங்குது" என்றார். முதல் நாள் ஆசையாய் ஒரு அண்டா பொங்கலை வைத்திருக்கிறார். கால்நடை டாக்டர் வருவதற்குள் மாடு போய்விட்டது. நல்ல கறவைப் பசு. "சோறுதானே ஐயா போட்டேன், விஷமா வெச்சேன்?" என்று அழுதார். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

வைக்கோலில் உள்ள நார்ச்சத்து, சோற்றில் உள்ள மாவுச்சத்து இரண்டுமே குளுக்கோஸ் என்ற சர்க்கரையின் மூலக்கூறுகளைக் கோத்த சரங்கள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்துச் சரம் சட்டென்று அறுந்துவிடும். நார்ச்சத்துச் சரம் லேசில் அறுபடாது. அதை மாடு தானாக அறுப்பதில்லை. அதன் வயிற்றில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் அறுக்கின்றன.

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே ஒரு சொட்டு நீரில் பல கோடி நுண்ணுயிர்கள் உண்டு. இவை நாரை மெதுவாகப் புளிக்க வைத்து, லேசான அமிலங்களாக மாற்றும். அவை ரத்தத்தில் கலந்து உடம்புக்குச் சக்தியாகவும், மடியில் பால் கொழுப்பாகவும் ஆகின்றன. அசை போடும்போது ஊறுகிற உமிழ்நீரில் சோடா உப்பு இருப்பதால் புளிப்பு அளவோடு நிற்கும்.

சோற்றை அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? மாவுச்சத்து ஒரேயடியாகப் புளிக்கும். பால் தயிராகும்போது உண்டாகிற லாக்டிக் அமிலம் வயிற்றில் பெருகும். நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ரத்தத்திலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். ரத்தத்திலும் அமிலம் ஏறி, மாடு சாய்ந்துவிடும்.

ஆகவே பொங்கலை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள். நெல், அரிசி மூட்டைப் பக்கம் மாட்டை விடாதீர்கள். தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அசை போடாமல் நின்றாலோ, வயிறு உப்பினாலோ, புளித்த வாடையோடு கழிந்தாலோ, தள்ளாடினாலோ, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. விடியட்டும் என்று இருக்காதீர்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்த விவசாயி விஷம் வைக்கவில்லை. பாசத்தில் அளவு தப்பிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அது தப்ப வேண்டாம்.