ஒரு சிறு கோப்பையின் சாட்சி
(ஆதரவாளர்கள் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

இன்று நான் பிரசங்கம் பண்ண வரவில்லை. குளிர் தேசங்களில் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் காலைதோறும் செய்கிற ஒரு சிறு வேலையைப் பற்றிச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

1925-ஆம் வருஷம் ஜனவரியில், அலாஸ்காவிலுள்ள நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச் தந்தி மூலம் மருந்து கேட்டார். ஃபேர்பேங்க்ஸ் நகரில் விமானங்கள் இருந்தன. ஆனால் அவை திறந்த இருக்கைகளும், தண்ணீரால் குளிர்விக்கப்படும் இயந்திரங்களும் கொண்டவை. குளிர்காலத்துக்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே நெனானா வரை ரயிலில் வந்த மருந்தை, 20 பேர் சுமார் 150 நாய்களின் உதவியோடு 674 மைல் தூரம் மாற்றி மாற்றிச் சுமந்து, பிப்ரவரி 2-ஆம் தேதி நோமில் சேர்த்தார்கள். இன்று அங்கே சாலையில்லாத ஊர்களுக்கு மருந்து போவதும் நோயாளி வருவதும் பெரும்பாலும் விமானத்திலேதான்.

அப்படிப்பட்ட ஓரிடத்தில் நான் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை, பிரசவ வேதனையில் தவிக்கும் ஒரு தாயை அழைத்துவரப் புறப்பட வேண்டியிருந்தது. வெளியே மைனஸ் 30 டிகிரி. விமானி இறக்கையின் அடியில் குனிந்து, ஒரு கண்ணாடிக் கோப்பையை வடிகுழாயில் வைத்து அழுத்தினார். ஒரு சொட்டும் வரவில்லை. "சரி, தண்ணீர் இல்லை போலிருக்கிறது, புறப்படலாமே" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "ஐயா, குழாய் உறைந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்றார்.

விமானத்தை வெதுவெதுப்பான கொட்டகைக்குள் தள்ளினார்கள். நெடுநேரம் காத்திருந்தோம். நான் உள்ளுக்குள் அவர்மேல் கோபமாயிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பிறகு அவர் மறுபடியும் கோப்பையை வைத்தார். நீல நிற எரிபொருளுக்கு அடியில், ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறமற்ற தண்ணீர் நின்றது. என் வாயடைத்துப் போயிற்று.

அன்றுதான் அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். இந்தச் சிறு விமானங்களின் பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 720 கிராம் எடை. தண்ணீரோ ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மழையும் பனியும் உள்ளே போகும். வெளியே நிறுத்தி வைத்த பீப்பாயிலிருந்தும் தண்ணீர் வரும். பாதி காலியான தொட்டியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்து துளிகளாகும். அதனால்தான் மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைக்கிறார்கள்.

விமானப் பெட்ரோல் மைனஸ் 58 டிகிரி வரை உறையாது. தண்ணீரோ பூஜ்யத்திலேயே கட்டியாகும். அடியில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் நிற்கும் சுத்தமான பெட்ரோல் மட்டும் கோப்பைக்கு வந்தால் பார்க்கிறவர் ஏமாந்து போவார். அந்தக் கட்டி பிற்பாடு கழன்று குழாயையோ வடிகட்டியையோ அடைத்தால், தரையை விட்டு எழும்பும் வேளையில் இயந்திரம் நின்றுவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு தொட்டியின் அடியிலும், இயந்திரத்தருகே உள்ள வடிகட்டியிலும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறத்தையும் பார்க்க வேண்டும். கோப்பை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் நடுவில் கோடு தெரியாது. விமானத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூற்றுக்கு ஒரு பங்குக்கு மிஞ்சாமல் பெட்ரோலில் சேர்ப்பார்கள். ஆனாலும் வடித்துப் பார்ப்பதை விடக்கூடாது.

பெரிய விமானங்களுக்கும் இந்த ஆபத்து நேர்ந்ததுண்டு. 2008 ஜனவரி 17 அன்று, பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த போயிங் 777 விமானம், இறங்கும் தறுவாயில் இரு இயந்திரங்களிலும் வலுவிழந்து, ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. எரிபொருள் தரம் குறைந்ததல்ல. அதில் இயல்பாக இருக்கும் சிறிதளவு தண்ணீரே நீண்ட குளிர்ந்த பயணத்தில் குழாய்களில் பனியாகப் படிந்து, பின்பு கழன்று வழியை அடைத்தது. அதிலிருந்த 152 பேரும் உயிர் தப்பினார்கள்.

எங்கள் விமானமும் அன்று தாமதமாகவே புறப்பட்டது. தாயை அழைத்து வந்தோம். குழந்தை மருத்துவமனையில் பிறந்தது. அந்தத் தண்ணீரோடு காலையிலேயே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் வார்டிலும் இதே காரியம் உண்டு. உறவினர் கதறிக்கொண்டு நிற்கும்போது, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஒருவர் நோயாளியின் ரத்தத்தோடு கொடையாளியின் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே நிற்கிறவர்களுக்கு அது தாமதமாகவே தெரியும். இனி அந்தக் கதவுக்கு வெளியே நீங்கள் காத்திருக்க நேர்ந்தால், உள்ளே இருப்பவரை அவசரப்படுத்தாதேயுங்கள். ஒரு காலத்தில் அவசரப்படுத்திய ஒருவன் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் இது.