ஸ்கேன் எடுத்தாயிற்று, அடுத்து என்ன?

சிகரெட்டையே தொடாதவர்களுக்கும், பெண்களுக்கும்கூட, நுரையீரல் புற்றுநோய் வருகிறது. 3 வாரமாக இருமல் விடவில்லையா? பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

சிடி ஸ்கேன் கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் அது பரவியிருக்கிறதா என்று காட்டும். எந்த மருந்து கேட்கும் என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்குக் கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்து மரபணுவைச் சோதிக்க வேண்டும். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

அடினோகார்சினோமா என்ற வகையில், கிழக்காசிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருக்கும். இந்தியர்களிடம் குறைவு, ஆனால் அரிதல்ல. இருந்தால், ஜெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரையை வீட்டிலேயே சாப்பிடலாம். இல்லாவிட்டால் வேறு சிகிச்சை.

தேக்காவில் நாட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? நெஞ்செரிச்சல் மாத்திரையா? மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில புற்றுநோய் மாத்திரைகளின் வேலையை அவை கெடுத்துவிடும்.