பதினாறு நாள் விழாவும் முப்பதாண்டுக் கடனும்

(யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



உலகப் பெரும் விளையாட்டு விழாக்களை ஏற்று நடத்துவது மக்கள் பணத்துக்குத் தகுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். "மண்டைதீவில் கிரிக்கெட் மைதானம் எழப்போகிறது, அதைக் குறை சொல்ல ஒருவரைப் பிடித்து வந்துவிட்டார்கள்" என்று முன்வரிசையில் இருக்கும் இளைஞர் சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. மண்டைதீவுக்குக் கட்டாயம் வருவேன். அதற்குமுன் உங்களை மொன்றியலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நம்மவர் பலருக்கு அங்கே பிள்ளைகளும் சகோதரரும் உண்டு. ஆதலால் அது நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில், மொஸ்கோவையும் லொஸ் ஏஞ்சலிசையும் பின்தள்ளி, 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை நடத்தும் உரிமையைக் கனடாவின் மொன்றியல் நகரம் பெற்றது. நகரபிதாவாக இருந்தவர் ஷான் டிராப்போ. ஆற்றல் மிக்கவர், நாவன்மை உள்ளவர், 1967இல் அதே நகரில் உலகக் கண்காட்சி ஒன்றை வெற்றியாக நடத்திக் காட்டியவர். ஒலிம்பிக் விழாவுக்கு 31 கோடி டொலர் போதும் என்று 1972இல் கணக்குக் காட்டினார். நட்டம் வருமோ என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி உலகப் பிரசித்தம்: ஆண்மகன் பிள்ளை பெற்றாலும் பெறலாம், ஒலிம்பிக்கில் நட்டம் வராது என்ற கருத்துப்படப் பேசினார். பின்னர் செலவு ஏறத் தொடங்கியபொழுது, நகரபிதா நிறைமாத வயிற்றுடன் நிற்பதாகப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது. நகரம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்களே பிறகு பணத்தையும் கட்டினார்கள்.

செலவு ஏன் ஏறியது? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இங்கேதான் விடயத்தின் வேர் இருக்கிறது. ஒருவர் வீடு கட்டும்பொழுது சீமெந்து விலை ஏறினால், ஆறு மாதம் பொறுத்துக் கட்டுவார். தச்சன் கூடக் கேட்டால் வேறு தச்சனைப் பார்ப்பார். கலியாண நாள் குறித்தபின் பந்தல் போடுகிறவனோடு பேரம் பேச முடியுமா? மொன்றியலில் குறித்த நாள் 1976 யூலை 17. உலகத்துக்கு முழுவதும் அறிவித்துவிட்ட நாள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரொஜே தையிபேர் வரைந்து கொடுத்த அரங்கோ சாதாரண அரங்கன்று. மாபெரும் மிருகத்தின் விலா எலும்புகள் போல வளைந்த கொங்கிரீட் துண்டுகளைக் கோத்து எழுப்ப வேண்டியது. அதன்மேல் சாய்ந்த கோபுரம் ஒன்று. கோபுரத்திலிருந்து இழுத்து மூடும் கூரை ஒன்று. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் எல்லாப் பொருளும் விலை ஏறின. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கையில் இருந்த துருப்பு அந்த நாட்காட்டிதான். கனடிய மாரிகாலத்தில், உறைபனியில், கொங்கிரீட் இடப்பட்டது. முடிவில் 1975 நவம்பரில் கியூபெக் மாகாண அரசு நகரபிதாவின் கையிலிருந்து வேலையைத் தானே பொறுப்பேற்றது.

விழா நடந்தது. நன்றாகவே நடந்தது. ருமேனியாவின் பதினான்கு வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி, அதுவரை ஒலிம்பிக்கில் எவரும் பெறாத முழுப் பத்துப் புள்ளிகளைப் பெற்றாள்; அந்த எண்ணைக் காட்டும் வசதி பலகையில் இல்லாததால் 1.00 என்று காட்டியதாம். அந்தக் கணத்தின் அழகை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கோபுரம் அப்பொழுது அரைகுறை. கூரை இல்லை. விழாவை நடத்திய கனடாவுக்கு ஒரு தங்கப் பதக்கமும் இல்லை. யூலை 17இல் தொடங்கிய விழா ஓகஸ்ட் 1ஆம் நாள் முடிந்தது. பதினாறு நாட்கள்.

கடன் முடிந்தது 2006 நவம்பரில். முப்பது ஆண்டுகள். 31 கோடி என்று சொன்ன செலவு, வட்டியும் முதலுமாக 150 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அதைத் தீர்க்கக் கியூபெக் அரசு கண்ட வழிகளுள் முதன்மையானது புகையிலை வரி. இங்கே அமர்ந்திருக்கும் புகையிலைச் செய்கைக்காரருக்கு இது சிரிப்பைத் தரலாம். நமது ஊரில் புகையிலை பலருக்கு வீடு கட்டிக் கொடுத்தது. அங்கே புகையிலை ஓர் அரங்குக்குக் கடன் கட்டியது. 1983க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மொன்றியலுக்குச் சென்று, உணவகங்களில் கோப்பை கழுவியும் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தும் வாழ்ந்த நம்மவர், குளிருக்கு ஒரு சிகரெட் பெட்டி வாங்கியபோதெல்லாம், தாம் காணாத, தாம் கேட்காத ஒரு விழாவின் கடனில் தம் பங்கைச் செலுத்தினார்கள். விழாவை விரும்பி முடிவு செய்தவன் ஒருவன். பார்த்து மகிழ்ந்தவன் இன்னொருவன். பணம் கட்டியவன் மூன்றாமவன். நமது கோயில் திருவிழாவில் உபயகாரர் தம் பணத்தைத் தாமே இறைக்கிறார். திருவிழா முடிந்தபின் ஊராரிடம் கடன் சீட்டை நீட்டுவதில்லை.

கூரையின் கதையையும் கேளுங்கள். 1987இல்தான் கோபுரமும் கூரையும் முடிந்தன. கூரை அடிக்கடி கிழிந்தது. 1991இல் பல தொன் எடையுள்ள கொங்கிரீட் துண்டொன்று பெயர்ந்து விழுந்தது. தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை. வேறொரு கூரை போட்டார்கள். 1999 சனவரியில் பனியின் பாரத்தால் அதுவும் ஓரிடத்தில் பிய்ந்தது. அங்கே விளையாடி வந்த பேஸ்போல் அணியும் 2004உடன் ஊரைவிட்டே போய்விட்டது. 2024ஆம் ஆண்டு பெப்ருவரியில், புதிய கூரை போட 87 கோடி டொலர் செலவிடப்போவதாகக் கியூபெக் அரசு அறிவித்தது. பணத்தின் பெறுமதி மாறிவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் 1972இல் முழு விழாவுக்கும் மதிப்பிட்ட தொகை 31 கோடி என்பதை மறவாதீர்கள். நாம் பந்தல் போட்டால் காரியம் முடிந்ததும் பிரித்துக் கம்பைக் கட்டி வைத்துவிடுகிறோம். அவர்கள் பிரிக்க முடியாத பந்தலைப் போட்டுவிட்டு, தலைமுறை தலைமுறையாக அதற்குக் கிடுகு வேய்கிறார்கள்.

"இது ஒரு நகரத்தின் மடமை, எல்லாரையும் அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1948ஆம் ஆண்டு இலண்டனைப் பாருங்கள். போர் முடிந்து மூன்று ஆண்டு. குண்டு விழுந்த வீதிகள். பங்கீட்டு அட்டைக்கு உணவு. அவர்கள் ஒரு புது அரங்கும் கட்டவில்லை. 1923இல் கட்டிய வெம்பிளி அரங்கில், நாயோட்டப் பாதைக்கு மேலே கரித்தூள் பாதை போட்டார்கள். ஆண் வீரர்களை விமானப்படை முகாம்களிலும், பெண்களைக் கல்லூரி விடுதிகளிலும் தங்க வைத்தார்கள். துவாயைக்கூட வீரர்களே கொண்டுவர வேண்டியிருந்தது! மொத்தச் செலவு ஏறத்தாழ ஏழு இலட்சத்து முப்பதாயிரம் பவுண். வரவு அதற்கும் மேல். ஏறத்தாழ முப்பதாயிரம் பவுண் மிச்சம். அந்த ஏழை ஒலிம்பிக்கிலேதான் இலங்கையின் டங்கன் வைற், 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கரித்தூள் பாதையில் ஓடியதால் அந்த வெள்ளி கறுத்துவிட்டதா?

லொஸ் ஏஞ்சலிஸ் நகரமும் அப்படியே. மொன்றியலின் கதி கண்டு உலகம் அஞ்சியிருந்த காலம். 1984 விழாவை ஏற்க வேறு போட்டியாளர் இல்லாத நிலை வந்தது. அந்நகர மக்கள் 1978இல் வாக்களித்து, நகரத்தின் பணத்தில் நட்டம் ஏற்கக் கூடாது என்று சட்டமாக்கினார்கள். விற்பவன் ஒருவன், வாங்க வேறு ஆளில்லை என்றால் விலையை வாங்குபவன்தானே சொல்வான்? பழைய கொலிசிய அரங்கும் பல்கலைக்கழக விடுதிகளும் பயன்பட்டன. இருபது கோடி டொலருக்கு மேல் மிச்சம் வந்தது. பார்சலோனா 1992 விழாவால் பயனடைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடற்கரையைத் திறந்து நகரைச் சீராக்கும் திட்டமே அங்கு முதன்மை. விழா அதற்கு ஒரு சாட்டு. விழாவைச் சாட்டாக வைத்து ஊரைச் சீராக்கலாம். ஊரைச் சாட்டாக வைத்து விழா நடத்துகிறவர்களைத்தான் நான் அஞ்சுகிறேன்.

உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள் என்ற வாதமும் பாதி உண்மையே. 2012 ஓகஸ்டில் பிரித்தானியாவுக்கு வந்த வெளிநாட்டார் தொகை முந்தைய ஓகஸ்டைவிடக் குறைந்தது. நெரிசலையும் விலையேற்றத்தையும் அஞ்சி வழக்கமாக வருபவர் வராமல் நின்றார்கள். ஏற்றபின் மனம் மாறுவதும் இலவசமன்று. 2026 பொதுநலவாய விளையாட்டு விழாவை ஏற்ற அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம், 260 கோடி என்ற மதிப்பீடு 600 கோடிக்கு மேல் ஏறுவதாகச் சொல்லி 2023 யூலையில் கைவிட்டது. நடத்தாத விழாவுக்கு 38 கோடி அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கட்டியது. கொழும்பில் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் படிப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். 2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிக்காகச் சூரியவெவவில் முப்பத்தையாயிரம் பேர் அமரும் மைதானம் கட்டப்பட்டது. வாழையும் வெங்காயமும் பயிரிடும் ஊர் அது. அந்த உலகக் கிண்ணத்தில் அங்கு நடந்த ஆட்டங்கள் இரண்டு. போட்டி முடிந்தபின், கட்டிய கடனின் பாரத்தால் நமது வீரர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியாமல் கிரிக்கெட் சபை மாதக்கணக்கில் திண்டாடியது. அதே ஆண்டு நவம்பரில், 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டைக்குக் கேட்டுச் சென்று, 43க்கு 27 என்ற வாக்கில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றோம். அன்று பலர் வருந்தினார்கள். 2022இல் இந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததை நினைக்கும்பொழுது, அந்தப் பதினாறு வாக்குகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் போல் தோன்றுகிறது. 2020 மே மாதத்தில் ஹோமாகமவில் இன்னொரு பெரிய மைதானம் என்றார்கள். இருக்கிற மைதானங்களிலேயே போதிய ஆட்டம் இல்லை என்று மகேல ஜயவர்தன வெளிப்படையாகச் சொன்னபின் அது கைவிடப்பட்டது. கேட்க வேண்டியவர் கேட்டால் நிறுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

மண்டைதீவில் 2025 செப்தெம்பர் 1ஆம் நாள் சனாதிபதி அடிக்கல் நாட்டினார். வடக்கிலே ஒரு சர்வதேச மைதானம் என்றதும் நம் இளைஞர் நெஞ்சு நிமிர்வதை நான் குறை சொல்லேன். எல்லாம் தெற்கிலேயே நடக்க, நாம் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசையின்மேல் கணக்கில்லாமல் கொங்கிரீட் இட வேண்டாம் என்பதே என் வேண்டுதல். சூரியவெவ மக்களும் அன்று நெஞ்சு நிமிர்ந்தவர்களே.

நா. எதிர்வீரசிங்கம் அவர்களை முதியோர் அறிவீர்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் உயரம் பாயத் தொடங்கியவர். 1958இல் தோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை ஈட்டினார். பின்பு அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியும் அவருக்கு உதவியது என்பது உண்மை. ஆனால் தொடக்கம் ஒரு பள்ளிக்கூடத்து மணல் குழி. இன்று நம் கிராமப் பள்ளிகளில் அப்படியான மணல் குழி எத்தனை, பயிற்சி ஆசிரியர் எத்தனை, பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை எத்தனை பள்ளியில் உண்டு என்பதை, இங்கு வந்திருக்கும் ஆசிரியர்கள் என்னைவிட நன்கு அறிவர்.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறோம். மைதானம் வேண்டாம் என்று அதில் இல்லை. கட்டும் செலவு எவ்வளவு, அது கடனா கொடையா. ஆட்டமில்லாத நாட்களில் அதன் கதவு யாருக்குத் திறக்கும். புல்லுக்கு ஊற்றும் நன்னீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும். விளக்குக்கும் காவலுக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு கிரிக்கெட் சபையின் கணக்கிலா, நம் மாகாணத்தின் கணக்கிலா என்பவற்றை எழுத்தில் அறிவிக்கக் கேட்டிருக்கிறோம். தண்ணீரைப் பற்றிய கேள்வியைச் சேர்க்கச் சொன்னவர், கிணறு உவராகிவிட்ட தீவுப்பகுதிக் கமக்காரர் ஒருவர். எங்களுள் படித்தவர் எவருக்கும் அது தோன்றவில்லை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, உடன்பட்டால் மட்டும் ஒப்பமிடுங்கள். தீவுப்பகுதிக்குச் செல்வோர் கடைசிப் பேருந்தைத் தவறவிடாமல், முதலில் அவர்களுக்கு வழி விடும்படி வேண்டிக்கொள்கிறேன்.