நம் உடலில் குடியிருப்போர்



இசையும் நாடகமும் காத்திருக்கும் ஆண்டு விழா மேடையில் கிருமிகளைப் பற்றிய பேச்சுக்கும் சிறிது நேரம் ஒதுக்கிய சங்கத்தாரின் துணிவைப் பாராட்ட வேண்டும். கிருமி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நமக்குக் காலராவும் காசநோயும் டைபாய்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவை நோய் தரும் கிருமிகள் அல்ல. நலமாக இருக்கும் மனிதனின் உடலில், அவன் பிறந்த நாள் தொட்டு இறுதி நாள் வரை குடியிருக்கும் பாக்டீரியாக்கள். இவற்றையெல்லாம் அழித்துவிட்டால் உடல் தூய்மை அடைந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவி வருகிறது. அவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும்.

அவை எத்தனை என்று முதலில் காண்போம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று இஸ்ரேல் நாட்டு அறிஞர் ரான் மிலோவும் அவருடன் ஆராய்ந்தோரும் 2016-ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். அவனுடைய சொந்த உயிரணுக்களோ 30 லட்சம் கோடி. ஒன்றுக்குப் பத்து என்று அதற்கு முன் பல நூல்கள் கூறி வந்தன. அது பழைய உத்தேசக் கணக்கு ஒன்றை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதால் நிலைத்துவிட்ட எண். எண்ணிக்கையில் இவை நம்மை விஞ்சினாலும், எல்லாம் சேர்ந்து எடை 200 கிராம்தான்.

இவற்றை முதன்முதல் கண்டவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்த லீவன்ஹூக் என்பவர். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே, 1683-இல், தம் பற்களிடையே படிந்திருந்த வெண்ணிற மாவை எடுத்துப் பார்த்தார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கும் பழக்கம் உடையவர் அவர். அப்படியிருந்தும் அந்த மாவில் சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன. தம் நாட்டு மக்கள் தொகையைவிடத் தம் வாயில் வாழ்வோர் தொகை மிகுதி என்ற கருத்துப்பட லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதினார். அதில் அருவருப்பைவிட வியப்பே மிகுதி.

இவை உடலெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. வறண்ட முன்கையில் வாழ்வன வேறு, எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியில் வாழ்வன வேறு, ஈரமான அக்குளில் வாழ்வன வேறு. ஜூன் மாதத்துத் தில்லியில் நெரிசலான பஸ்ஸில் பயணம் செய்வோர் வியர்வையைப் பழிக்கிறார்கள். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு நாற்றம் ஏதும் இல்லை; அக்குளில் குடியிருப்போர் அதனைச் சிதைத்த பின்னரே நாற்றம் பிறக்கிறது. இரைப்பையின் அமிலத்தைத் தாங்கி வாழ்வன சிலவே. சிறுகுடலிலும் தொகை குறைவு. பெருங்குடலே இவற்றின் மாநகரம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் மடிந்துவிடும் இனங்களே அங்குப் பெரும்பாலானவை.

அங்கு அவை செய்யும் பணி யாது? நம் குடலால் செரிக்க இயலாத நார்ப்பொருள்களை அவை நொதிக்கச் செய்து சில சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான உணவு. கீரைத் தண்டும் அவரைக்காயும் வெறும் சக்கை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யின் ஒரு வகையையும் அவை ஆக்குகின்றன. பிறந்த குழந்தையின் குடலில் இக்குடிகள் இன்னும் நிலைகொள்ளவில்லை. தாய்ப்பாலிலும் அவ்வைட்டமின் குறைவு. மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடுவது இதனால்தான்.

தாய்ப்பாலைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாய்ப்பாலில் உள்ள திடப்பொருள்களில் பால்சர்க்கரையும் கொழுப்பும் முதலிரண்டு இடங்களைப் பெறுகின்றன. மூன்றாம் இடத்தில் நிற்பவை ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள். இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது! பெற்றவள் தன் உடலை வருத்திச் சுரக்கும் பாலில், பிள்ளைக்குப் பயன்படாத பொருள் இத்துணை இருப்பானேன் என்று அறிஞர்கள் நெடுங்காலம் மயங்கினர். அது பிள்ளைக்கு மட்டும் இட்ட உணவன்று, பிள்ளையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கும் இட்ட உணவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் குடலில் இவ்வினத்தைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்து டிசியே 1900-ஐ ஒட்டிக் கண்டு கூறினார். விருந்தோடு வந்தவர்க்கும் சேர்த்து உலை வைப்பது நம் இல்லங்களில் மட்டும் உள்ள வழக்கம் அன்று போலும்.

இக்குடிகளே இல்லாமல் உயிர் வாழ இயலுமா? இயலாது என்று 1885-இல் லூயி பாஸ்டர் கருதினார். பத்தாண்டு கழித்து பெர்லினில் நட்டால், தியர்ஃபெல்டர் என்ற இருவர் சீமைப்பெருச்சாளிக் குட்டிகளை அறுவை செய்து எடுத்து, கிருமி புகாத கூண்டில் சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். பின்னர் எலிகளைத் தலைமுறை தலைமுறையாகவே அவ்வாறு வளர்த்தார்கள். ஆகவே பாஸ்டர் கூறியது சரியன்று. ஆனால் அவ்வெலிகளின் நோய் எதிர்ப்பு உறுப்புகள் வளர்ச்சி குன்றியிருந்தன. கூண்டைவிட்டு வெளிவந்தால் எளிய தொற்றுக்கும் இரையாயின. எதிரி யார், அயலார் யார் என்று நம் உடல் பழகிக்கொள்வது இக்குடிகளுடன் கூடி வாழ்ந்துதான்.

இவை எக்காலத்தும் நல்லவை என்று நாம் கூறவில்லை. இடம் மாறினால் குணமும் மாறும். 1885-இல் ஜெர்மானிய மருத்துவர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த ஈ. கோலை, குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சாது. சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால் அங்கு உண்டாகும் தொற்றுகளுக்கு அதுவே தலையாய காரணம். தோலில் அமைதியாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், செயற்கை இதய வால்வில் படிந்தால் உயிருக்கே உலை வைக்கும்.

இனி, தலைநகரில் வாழும் நமக்கு நேரே பொருந்துகின்ற செய்திக்கு வருவோம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தெருமுனை மருந்துக் கடையில் நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி வந்து, இரண்டைக் கொடுத்து, மீதியை அலமாரியில் வைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சளிக்குக் காரணம் வைரஸ். அம்மாத்திரைகள் அதனைத் தொடுவதே இல்லை. அவை தொடுவது குடலில் உள்ள குடிகளை. பகைவன் ஒருவனைத் தேடி ஊரையே கொளுத்தியது போன்ற செயல் அது. வெறிச்சோடிய பெருங்குடலில் சில வேளைகளில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கொடிய கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மருந்தால் நின்றது மீண்டும் மீண்டும் வரும். ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர்கள் நலமுள்ளவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, அத்தகைய நோயாளர் 16 பேரின் குடலுக்குள் குழாய் வழியே செலுத்தினர். முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர் நால்வரே. இது 2013-இல் வெளிவந்த ஆய்வு. விருந்துக்கு முன் இதைக் கூறியதற்கு அன்பர்கள் பொறுத்தருள்க.

இதனினும் கவலை தருவது வேறொன்று. மாத்திரைக்குத் தப்பிப் பிழைத்த குடல்வாழ் பாக்டீரியாக்கள், மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைத் தம்முள் காத்து வைத்து, நோய்க்கிருமிகளுக்கும் வழங்கிவிடுகின்றன. புது தில்லியில் மருத்துவமனைச் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவருக்கு 2008-இல் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. அக்கிருமியில் கார்பபெனம் என்னும் வலிய மருந்துகளையும் சிதைக்கும் நொதியைக் கண்டனர். அதே மரபணு அவருடைய குடலில் இருந்த ஈ. கோலையிலும் இருந்தது. 2009-இல் அதற்கு என்டிஎம்-1 என்று பெயர் வந்தது. அதன் முதலிரண்டு எழுத்துகளும் புது தில்லியைக் குறிப்பவை. நம் நகரின் பெயரை இப்படி இழுத்ததற்கு நாட்டில் கண்டனம் எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் 2010-இல் வெளிவந்த ஆய்வில் சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் அது காணப்பட்டது. மறு ஆண்டில் தில்லியின் தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அம்மரபணு இருந்ததாக மற்றோர் ஆய்வு அறிவித்தது. பெயரைப் பற்றி நாம் வாதாடலாம். நீரைப் பற்றி வாதாடுவதற்கு இடமில்லை.

அரசினர் வாளா இருக்கவில்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றை எச்1 என்ற பட்டியலில் சேர்த்து, மருத்துவர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. மாத்திரை அட்டையில் உள்ள செங்குத்தான சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு உணர்த்த 2016-இல் ஓர் இயக்கமும் தொடங்கப்பட்டது. வீடு சென்றதும் அலமாரியில் உள்ள அட்டைகளை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு எத்தனையில் இருக்கிறது என்பது தெரியும்.

பேச்சு முடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி தயிரைப் பற்றியது. தயிரால் ஆயுள் நீளும் என்று நோபல் பரிசு பெற்ற மெட்ச்னிகாஃப் நம்பினார். நாள்தோறும் புளித்த பாலை உண்டார். தம் 71-ஆம் வயதில் காலமானார். தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் பால்சர்க்கரை செரிக்கத் துணை செய்கின்றன என்பது உண்மை. ஆனால் அவை பெருங்குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. சில நாள் தங்கிச் செல்லும் விருந்தினரே. இழந்த குடிகளை ஒரு கிண்ணத் தயிர் மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தயிர்சாதத்தைத் தயிர்சாதம் என்பதற்காகவே உண்ணலாம். இன்றைய விருந்திலும் அது உண்டு என்று செயலாளர் கூறினார்.