கூட உட்கார ஓர் ஆள்



சமூக நலப்பணி பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சு நன்கொடை, நிதி, திட்டம் என்று போய்விடும். நான் அதைவிடச் சிறிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். படிவத்தை நீட்டியபடி நிற்கும் ஒருவர் பக்கத்தில் யார் உட்காருவது?

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. மறுநாளே அந்த நாட்டில் மக்கள் ஆலோசனை மையங்கள் திறந்தன. ரேஷன், கடன், காணாமல் போன உறவினர் என்று எதற்கும் போகலாம். தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அந்த மையங்கள் இன்றும் இருக்கின்றன. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். ஓசூர் இருக்கும் நம் மாவட்டத்தில் அது வேறு உருவில் வளர்ந்தது.

அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்தில் 1979-இல் குழந்தை பிரான்சிஸ் இரவுப் பள்ளியும் முதலுதவி மையமுமாக வேலையைத் தொடங்கினார். ஐ.வி.டி.பி. (ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம்) என்று நாம் சொல்லும் நிறுவனத்தின் ஆரம்பம் அது. வறண்ட ஊரில் முதல் தேவை தண்ணீர் என்று பட்டதும் சிறு தடுப்பணைகள் கட்டினார். அவை முந்நூறைத் தாண்டின. 1989-இல் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு வந்தார். அதே ஆண்டில்தான் தமிழக அரசும், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களைத் தொடங்கியது. வறட்சிக்கும் பெண்சிசுக் கொலைக்கும் பெயர் வாங்கிய மாவட்டமே தமிழ்நாட்டுக் குழு இயக்கத்துக்குத் தாய்வீடானது. 2012-இல் பிரான்சிஸுக்கு மகசேசே விருது கிடைத்தபோது அவருடைய நிறுவனத்தின் குழுக்கள் எட்டாயிரத்துக்கும் மேல், உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

விருதுச் செய்தியில் கடன் தொகைதான் கண்ணில் படும். எனக்குப் பெரிதாகப் படுவது குழுக் கூட்டம். ஊக்குநர் நோட்டை விரித்து வைப்பார். பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து சேமிப்புப் பணத்தை நடுவில் வைப்பார்கள். கடன் கேட்பவர் எதற்கு என்று எல்லார் முன்னும் சொல்லியாக வேண்டும். அந்த ‘எதற்கு’வில் வீட்டுக் கதை முழுக்க வெளியே வந்துவிடும்: புருஷனின் குடி, அஞ்சு வட்டிக்காரன், மாமியாரின் கண்புரை. “கண்ணு ஆபரேஷனுக்கு எதுக்குக்கா கடன்? ஜி.எச்.சுல காசே வாங்க மாட்டாங்க. வியாழக்கிழமை நான் கூட வரேன்” என்பாள் பக்கத்தில் இருப்பவள். அந்தக் ‘கூட வரேன்’தான் ஆலோசனை. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரம்.

குழு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு நிரம்பாத பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் மறுக்கும் குழுவும் உண்டு, தெரிந்தும் கொடுக்கும் குழுவும் உண்டு. நம் மலைக் கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை.

இப்போது மலையிறங்கி ஓசூருக்கு வருவோம். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வளர்ந்த ஊரில் இன்று கைப்பேசிப் பாகங்களும் செய்கிறார்கள். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்களில் ஜார்க்கண்டும் ஒடிசாவும் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் ஊர்தான் இது. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு அந்த நான்கும் தெரியாது. குழுவில் சேர நிலையான வீடும் முகவரியும் அக்கம்பக்கத்து அறிமுகமும் வேண்டும். லைன் வீட்டிலும் விடுதியிலும் இருப்பவளுக்கு அவை கிடையாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நாம் விரித்த பாய்க்கு வெளியே அவள் நிற்கிறாள்.

தங்கள் உரிமைகள் தெரியாததால் அவளும் அவளைப் போன்றவர்களும் இழப்பது கொஞ்சமல்ல. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். சம்பளத்தில் முக்கால் சதவீதம் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். அதனாலேயே ஒரு தப்பு நடக்கிறது. பிரஸ் ஷாப்பில் விரலை இழந்த புதுப் பையன், “சேர்ந்து பத்து நாள்தானே ஆச்சு, நமக்கு எங்க கிடைக்கும்” என்று ஊருக்கு ரயிலேறிவிடுகிறான். வேலையில் நேர்ந்த காயத்துக்கு இந்த 78 நாள் கணக்கே இல்லை. முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. குணமாகும்வரை சம்பளத்தில் தொண்ணூறு சதவீதம், ஊனம் நிரந்தரமானால் அதற்குத் தனி உதவித்தொகை. காண்டிராக்டர் பெயரைப் பதியாமல் விட்டிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. இதை அவனுக்கு ரயிலேறும் முன் யார் சொல்வது?

வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். கதை வேறு மாதிரி. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், கம்பெனிப் பதிவில் முன்னால். பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம். பணம் நின்றுவிடும். திருத்துவது பெரிய வித்தையல்ல. ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் காகிதம் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். தெரியாதவர்கள் தரகரிடம் கமிஷன் அழுகிறார்கள்.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. அதாவது இந்த ஊரில் ஷிப்டுக்குப் போகும் ஏறக்குறைய எல்லாருக்கும். அதற்கான உதவி எண் 15100. மனம் தாளாமல் போகும் இரவுக்கு மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும். சுவரில் இந்த எண்களை எழுதி வைத்தால் கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் நினைப்பது எனக்கு ஒப்பவில்லை. எண்ணை அழுத்தும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் பலர் அழுத்துவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. குழுவில் பதினைந்து, இருபது ஆண்டு நோட்டு எழுதிய பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். கூட்டம் நடத்தவும், அதிகாரியிடம் பேசவும், கேட்ட ரகசியத்தைக் காக்கவும் அவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து அவர்களில் சிலருக்குச் சம்பளம் கொடுத்து, சிப்காட் பகுதி லைன் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பட்டும். இந்தி, ஒடியா தெரிந்த கல்லூரி மாணவர்கள் கூடப் போங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். இந்த மாத வாடகை வாங்கும்போது, “ஈ.எஸ்.ஐ. நம்பர் கொடுத்திருக்காங்களாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.